ஆணியில் பட்ட பந்து

சீடன்: ஐயா, கைப்பேசியில் ஒரு விளையாட்டு. மேலிருந்து பந்தை விட வேண்டும். நடுவில் வரிசை வரிசையாக ஆணிகள். அடியில் எந்தக் குழியில் விழும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பந்து நியூட்டன் விதியை மீறுவதில்லை. அந்த விதி எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல முடியவில்லை. குறை என் அறிவிலா, விதியிலா?

குரு: இரண்டிலும் இல்லை. விதியைத் தப்பாக எண்ணுவது ஒரு வகைப் பிழை. 1980இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து மெக்கிளாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு படத்தைக் காட்டினார்கள்: தட்டையாகக் கிடக்கும் வளைந்த குழாய், அதற்குள் ஓடும் பந்து. வெளியே வந்தபின் பந்து எப்படிப் போகும்? பலர் வளைகோடு போட்டார்கள். உண்மையில் நேர்கோட்டில்தான் போகும். சொல்லிக் கொடுத்தால் திருந்திவிடும் பிழை அது. உன்னுடையது அளவுப் பிழை. அதற்குப் பாடம் கிடையாது.

கணக்கைப் பார். பந்தின் ஆரம் 5 மி.மீ., ஆணியின் ஆரமும் 5 மி.மீ., ஆணிக்கு ஆணி தூரம் 50 மி.மீ. என்று வை. பந்து ஏறக்குறைய ஆணியின் தலைக்கு நேராக வருகிறது. விட்ட இடத்தில் 0.1 மி.மீ. பிசகு. தொடும் புள்ளியின் கோணம் 0.01 ரேடியன் மாறும். தெறிக்கும் திசையோ அதைப்போல் இரு மடங்கு, 0.02 ரேடியன் மாறும். 50 மி.மீ. கடப்பதற்குள் விலகல் 1 மி.மீ. ஆகிவிடும். அடுத்த ஆணி அதை 10 மி.மீ. ஆக்கும். பந்தின் விட்டமே அவ்வளவுதானே! மூன்றாவது ஆணியில் பந்து படுமா என்பதே சந்தேகம். ஈர்ப்பையும் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. வட்டிக்கு வட்டி போடும் கடன் இது: அசல் 0.1, ஒவ்வொரு ஆணியிலும் பாக்கி பத்து மடங்கு.

சீடன்: இன்னும் நுட்பமாக அளந்தால்?

குரு: ஆயிரம் மடங்கு நுட்பமாக அள. கூடுதலாக 3 ஆணிகளுக்குத் தவணை கிடைக்கும். அவ்வளவே.

சீடன்: கணினியின் பந்து மட்டும், அதே இடத்திலிருந்து விட்டால் அதே குழியில் விழுகிறதே? பாதை அதற்குத் தெரிந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

குரு: நல்ல ஆட்சேபம், இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். கணினி முன்கூட்டி எதையும் சொல்வதில்லை. பெரும்பாலும் வினாடிக்கு 60 முறை பந்தைச் சிறிது நகர்த்தி, எதன்மேல் பட்டது என்று பார்க்கிறது. முடிவு அதற்கும் கடைசியில்தான் தெரியும். தொடக்க எண்ணைத் தானே எழுதிக்கொண்டதால் அதற்கு அசல் பூஜ்யம். அளந்து பெற வேண்டிய நிலை அதற்கு இல்லை. அப்போதும் கடன் தீரவில்லை. ஆங்க்ரி பேர்ட்ஸ் (2009) விளையாட்டில் பயன்பட்ட பாக்ஸ்2டி என்ற இயற்பியல் நிரல் 32 பிட் எண்களில் கணக்கிடுகிறது. அவற்றில் சுமார் 7 இலக்கங்களே நம்பத்தக்கவை. நம் கணக்குப்படி ஆணிக்கு ஓர் இலக்கம் போனால், ஏழெட்டு ஆணிகளுக்குப் பின் பந்தை நடத்துவது கடைசி இலக்கத்தை முழுமையாக்கிய விதம்தான். வேறொரு சில்லு அதை வேறுவிதமாக முழுமையாக்கினால் பந்து வேறு குழிக்குப் போகும். பலர் இணைந்து ஆடும் விளையாட்டுகளை உருவாக்குவோர், எல்லார் கருவியிலும் ஒரே முடிவு வர அவ்வளவு பாடுபடுவது இதனால்தான். பாதை நிச்சயிக்கப்பட்டிருப்பது ஒன்று, அதை முன்னறிவது வேறொன்று. இரண்டையும் ஒன்றென்று கொண்டதுதான் உன் ஐயத்தின் வேர்.

சீடன்: அப்படியென்றால் எல்லாம் தலைவிதி...

குரு: அது வேறு வழக்கு. இங்கே இழுக்காதே.

சீடன்: சரி ஐயா. ஆட்டத்தில் அறிவுக்கு வேலையே இல்லையா?

குரு: உண்டு, நிறைய உண்டு. பிரான்சிஸ் கால்டன் 19ஆம் நூற்றாண்டில் இதே போன்ற ஆணிப்பலகை ஒன்றை அமைத்து, 1889இல் வெளியான தம் நூலில் விளக்கினார். 10 வரிசை, ஒவ்வோர் ஆணியிலும் இடம், வலம் சம வாய்ப்பு என்று கொள். மொத்தம் 1024 வழிகள். ஓரக் குழிக்கு ஒரே வழி. நடுக் குழிக்கு 252. நடுவிலுள்ள மூன்று குழிகளுக்குச் சேர்த்து 672. தனிப் பந்து பிடிபடாது, ஆனால் குவியலின் வடிவம் முன்பே தெரியும். ஆகவே முதல் இரண்டு ஆணிகளை நியூட்டனிடம் விடு. அங்கே கடன் சிறியது. அதற்கப்பால் கால்டனின் கணக்கைப் போடு. விடும் இடத்தை ஓர் ஆணி வலப்பக்கம் தள்ளினால் குவியலும் அதே அளவு வலப்பக்கம் நகரும். அதிகப் புள்ளி உள்ள குழிக்கு நேராகக் குவியலின் நடுவைக் கொண்டுபோய் வைத்து, பந்தை விடு.