மூச்சின் அமானிதம்

வாசுதேவநல்லூர் அர்த்தநாரீசுவரர் ஆலயத்தின் அருகே நடந்து செல்லும் முஸ்லிம் ஒருவர், அங்கு ஒலிக்கும் நாதசுரத்தில் மனம் தோய்ந்து நின்றுவிட்டால் அவருடைய ஈமானுக்கு ஊறு நேருமா? கேட்பதற்கே இத்தயக்கம் எனில், அதனை வாசித்தே வாழ்ந்த முஸ்லிமின் நிலை யாது?

ஷேக் சின்ன மௌலானா (1924–1999) அத்தகையவர். ஆந்திரத்துக் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் நெஞ்சைப் பறிகொடுத்து, தஞ்சைப் பாணியை நாடி நாச்சியார்கோவிலுக்கு வந்து, இராசம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பயின்றார். பின்னர் திருவரங்கத்தில் குடியேறினார். 1977இல் பத்மஸ்ரீ, 1998இல் சங்கீத கலாநிதி.

இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை மழுப்புவதில் பயனில்லை. ஆயினும் என் ஐயம் வேறு. 'முஸ்லிமாயிருந்தும் இப்படி வாசிக்கிறாரே' என்னும் வியப்பும், 'முஸ்லிமாயிருந்து அங்கு வாசிக்கலாமா' என்னும் கண்டனமும் ஒரே பிழையின் இரு முகங்களல்லவா? வியந்தவரும் கடிந்தவரும் பெயரைத்தான் கேட்டனர், நாதத்தைக் கேட்கவில்லை. சீவாளியில் இதழ் பதித்து ஆண்டுக்கணக்கில் செய்த சாதகம் இருவர் கணக்கிலும் ஏறவில்லை.

மூச்சு அல்லாஹ் தந்த அமானிதம். அதனை எந்த வாசலில் செலவிட்டார் என்று கேட்குமுன், பழுதின்றிக் காத்தாரா என்றன்றோ கேட்டிருக்க வேண்டும்? அவர் காத்தார், தம்மோடு புதைத்துக்கொள்ளவும் இல்லை. திருவரங்கத்தில் சாரதா நாதசுர சங்கீத ஆசிரமம் நிறுவிப் பலருக்குக் கற்பித்தார். பேரர்கள் காசிமும் பாபுவும் அவ்வழியே வாசிக்க வந்தனர்.