காலந்தாழ்ந்த பொருளுக்கு நேர்மையான ஈடு எது?

சொன்ன நாளில் பொருளைக் கொடுக்கத் தவறிய ஒரு சிறு பட்டறைக்காரர், அதற்காகக் காத்திருந்தவருக்கு எவ்வளவு ஈடு செய்ய வேண்டும்? இவ்வினா வாணிகர்க்கும் வழக்கறிஞர்க்கும் மட்டுமே உரியது என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நிலத்தை நம்பி வாழ்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தொழில் நகரங்களில் பரவியுள்ளனர். ஒருவர் பொருளைச் செய்து கொடுக்கும் இடத்தில் இருக்கிறார். மற்றொருவர் பெரிய ஆலையில் அதை வாங்கும் இடத்தில் அமர்ந்திருக்கிறார். இருவரும் நம்மவரே. ஆகவே நடுநின்று எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

ஓசூரை எடுத்துக்கொள்வோம். 1970களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980களில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் ஆகியவற்றைச் செய்யும் பெரிய ஆலைகள் வளர்ந்தன. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதன் தொழில் முகமாகவே விளங்கியது. பெரிய ஆலைகளைச் சுற்றி லேத்துப் பட்டறைகளும், அச்சு வார்ப்போரும், முலாம் பூசுவோரும் பெருகினர். ஒரு பட்டறையில் கடைந்த உதிரிபாகம் அடுத்த பட்டறைக்குச் செல்லும். அங்கிருந்து ஆலைக்குச் செல்லும். எல்லை கடந்து பெங்களூருவுக்குச் செல்வதும் உண்டு. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தாமதித்தால் அதன் இழுப்பை மற்றெல்லாக் கண்ணிகளும் உணரும்.

இங்கே முதலில் இரண்டு செய்திகளைப் பிரித்தறிய வேண்டும். பள்ளிக்குக் காலந்தாழ்ந்து வரும் மாணவனை ஆசிரியர் காரணம் கேட்கிறார். வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துவிட்டு வந்தவனும், வழியில் கோலி விளையாடிவிட்டு வந்தவனும் ஒன்றல்லர். ஆயினும் இருவரும் இழந்த பாடம் ஒன்றே. குற்றம் வேறு, இழப்பு வேறு. குற்றம் இல்லை என்பதால் இழப்பு இல்லாமற் போவதில்லை. இழப்பு உண்டு என்பதால் குற்றமும் உண்டு என்று ஆகிவிடாது. தாமதத்திற்கான ஈட்டைப் பற்றிய பூசல்களிற் பல, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் எழுகின்றன.

2016 செப்டம்பர் 12ஆம் நாள் காவிரி நீர்ப் பங்கீட்டை ஒட்டிப் பெங்களூருவில் கலவரம் மூண்டது. தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. இரு மாநிலப் பேருந்துகள் எல்லையோடு நின்றன. சரக்கு வண்டிகள் நகர இயலவில்லை. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோதும் இதுவே நிலை. இத்தகைய நாளில் பொருளை ஆயத்தமாக வைத்திருந்தும் அனுப்ப இயலாதவரிடம் அபராதம் கேட்பது அறமாகாது. ஆனால் அவருக்கும் ஒரு கடமை உண்டு. காலம் கடந்ததால் அப்பொருள் வாங்குபவருக்குப் பயன்படாது போயின், பெற்ற முன்பணத்தை அவர் திருப்பித் தர வேண்டும். பிறர் இழப்பிலிருந்து தமக்கு ஆதாயம் வரலாகாது என்பதே இங்கு அளவுகோல்.

குற்றம் உள்ளவிடத்து ஈடு எவ்வளவு? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் இதற்கு விடை தருகிறது. தவற்றினால் இயல்பாக விளைந்த இழப்புக்கும், ஒப்பந்தம் செய்யும்போதே இருவரும் அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு உண்டு. எட்டத்திலுள்ள, சுற்றி வந்த இழப்புக்கு இல்லை. இக்கருத்துக்கு முன்னோடியாக 1854இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. குளோஸ்டர் நகரத்து மாவு ஆலையொன்றின் சுழல்தண்டு முறிந்தது. புதியதைச் செய்வதற்கு மாதிரியாக அதனை எடுத்துச் சென்றவர்கள் காலந்தாழ்த்தினர். ஆலை பல நாள் நின்றது. அந்நாள்களின் இலாபம் முழுவதையும் ஆலைக்காரர் கேட்டார். தண்டு வந்து சேராவிட்டால் ஆலையே நிற்கும் என்று தூக்கிச் சென்றவரிடம் சொல்லப்படவில்லை. ஆகவே அவ்விலாபத்தை ஈடாகக் கேட்க இயலாது என்று நீதிமன்றம் கருதியது.

இதிலுள்ள அறம் எளியது. என்ன பணயத்தில் இருக்கிறது என்பதை வாங்குபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்ன பின்னரும் பொறுப்பேற்றவர், அவ்வளவுக்கும் பொறுப்பாளியே. திருமண நாள் அச்சிட்ட அழைப்பிதழ் திருமணம் முடிந்தபின் வந்தால், அதற்கு விலை ஏது? அங்கே நாள் இன்னதென்பது தாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அச்சகத்தார் வாங்கிய பணம் முழுவதையும் திருப்புவதே முறை.

அபராதத் தொகையை முன்னரே எழுதிவைக்கும் வழக்கமும் உண்டு. அரசுக் கொள்முதல் ஒப்பந்தங்கள் பலவற்றில், தாமதிக்கும் ஒவ்வொரு வாரத்திற்கும் 0.5 விழுக்காடு, உச்சமாக 10 விழுக்காடு எனக் காணலாம். ஒரு இலட்சம் ரூபாய் சரக்குக்கு வாரம் 500 ரூபாய் என்பது சிறிதே. ஆனால் 10,000 ரூபாய் பிடித்தம் என்பது சிறு பட்டறையின் இலாபம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடும். எழுதப்பட்ட தொகை உச்ச வரம்பேயன்றி, அதற்குள் நியாயமான ஈடே உரியது என்று அச்சட்டத்தின் 74ஆம் பிரிவு கூறுகிறது. கையொப்பம் இட்டார் என்பதாலேயே முழுவதையும் பிடிப்பது வலியவர் செயலாகலாம், நேர்மை ஆகாது.

அரசே இதனை உணர்ந்து நடந்ததுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் ஒப்பந்தத்தை நிறைவேற்ற இயலாது போன சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களிடம் பிடித்த ஈட்டுத் தொகையிலும் பிணைத் தொகையிலும் 95 விழுக்காட்டைத் திருப்பித் தரும் திட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. வட்டி தரப்படவில்லை, மூன்றாண்டுகள் கழித்தே வந்தது. எனினும், குற்றமில்லாதவரிடம் பெற்றதை மீட்டளிக்க வேண்டும் என்ற கொள்கை ஏற்கப்பட்டது.

வாங்குபவர் தம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தை இரு வாரம் தாமதமாகக் கொடுத்துவிட்டு, பழைய தேதியையே பிடித்துக்கொள்வது முறையன்று. காலந்தாழ்ந்து வந்த சரக்கை வாய்பேசாது இறக்கிக்கொண்டு, மாதங்கழித்துப் பட்டியலில் தொகையைக் குறைப்பதும் முறையன்று. காலம் இன்றியமையாததாய் அமைந்த ஒப்பந்தத்தில், ஈடு கேட்பவர் பொருளை ஏற்கும்போதே அதனை அறிவிக்க வேண்டும் என்று 55ஆம் பிரிவு வற்புறுத்துகிறது.

பணத்திலும் காலம் உண்டன்றோ? 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டப்படும் வட்டி உண்டு. ஆனால் அடுத்த ஆர்டர் வராது போகுமோ என்ற அச்சத்தால் அவ்வட்டியைக் கேட்கத் துணியாத சிறு தொழிலர் பலர். ஐந்து நாள் தாமதத்திற்குப் பிடித்தம் செய்பவர், தாம் தொண்ணூறு நாள் தாமதித்ததற்கு வட்டியைக் கேளாமலே தருவாரா? ஒரு தராசுக்கு இரு படிக்கற்கள் இருத்தல் தகாது.

பட்டறைக்காரர் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆர்டர் கைநழுவிப் போகுமே என்று, முடியாத நாளை முடியும் என்று ஒப்புக்கொள்வது பொய். அதன் பேரில் முன்பணம் பெறுவது பொய்யினும் மிக்கது. குறைந்த அளவால் அளந்து கொடுப்பதைக் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்தனர். காலமும் ஓர் அளவையே. பத்து நாள் என்று விற்று முப்பது நாளில் கொடுப்பதும் அளவைக் குறைப்பதே. தாமதம் நேரும் என்று தெரிந்த அன்றே சொல்லிவிட வேண்டும். அன்று சொன்னால் வாங்குபவர் வேறு வழி தேடிக்கொள்வார். இழப்பில் பாதி அப்போதே நீங்கிவிடும். கெடு நாளுக்குப் பின் சொல்லும் மன்னிப்பு அதற்கு ஈடாகாது.

இறுதியாக ஒன்று. ஆலை பட்டறையிடம் பிடித்ததைப் பட்டறை தன் தொழிலாளியின் கூலியில் பிடிக்குமாயின், சங்கிலியின் முழுப் பாரமும் அதன் மிக மெலிந்த கண்ணியில் விழும். நாளை நிர்ணயித்ததில் அத்தொழிலாளிக்குப் பங்கில்லை, இலாபத்திலும் பங்கில்லை. அவர்மீது ஏற்றப்படும் தொகைக்கு ஈடு என்ற பெயர் பொருந்தாது. இழப்பை அளந்து, குற்றத்தை ஆராய்ந்து, தம் தாமதத்தையும் கணக்கில் கொண்டு, தாமே தாங்க வேண்டியதைத் தாமே தாங்குவோரிடத்தில்தான் நேர்மையான ஈடு என்பது பிறக்கும். நம் பிள்ளைகள் எந்தப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாலும் இதனை மறவாதிருப்பாராக.