குரு வணக்கச் சுலோகங்கள் உணர்த்தும் பொருள்

சைவ ஆலயங்களிலே எந்தக் கிரியையைத் தொடங்கும்போதும் விநாயக வழிபாட்டோடு குரு வணக்கமும் இடம்பெறுவது மரபு. விஜயதசமியன்று ஏடு தொடக்கும் குழந்தைக்கும், அறநெறிப் பாடசாலையிலே வகுப்புத் தொடங்கும் மாணவருக்கும் குரு சுலோகமே முதலிற் சொல்லிக் கொடுக்கப்படுகின்றது. குழந்தை அதனைப் பிழையின்றிச் சொன்னதும் பெற்றோர் அகமகிழ்கின்றனர். ஆனால் “இதன் பொருள் என்ன?” என்று அக்குழந்தை கேட்டால் விடை கூறக்கூடியவர் சிலரே. பொருளறியாது சொல்லும் மந்திரத்துக்கும் பலன் உண்டு என்பர் பெரியோர். எனினும் பொருளறிந்து சொல்லும்போதுதான் அது நெஞ்சிலே தங்கி வாழ்க்கையைத் திருத்துகின்றது.

“குரு” என்னும் வடசொல்லுக்குக் கனமுடையது, பெருமையுடையது என்பது நேர்ப்பொருள். “கு” என்பது இருளையும் “ரு” என்பது அதனை நீக்குதலையும் குறிக்கும் என அத்வய தாரக உபநிடதம் விளக்கம் தருகின்றது. எனவே இருளை நீக்குபவர் எவரோ அவரே குரு. உடையினாலோ, பட்டத்தினாலோ, கூடியிருக்கும் கூட்டத்தினாலோ ஒருவர் குருவாகிவிடுவதில்லை.

இன்று ஓதப்படும் குரு வணக்கச் சுலோகங்கள் பல குரு கீதையில் உள்ளவை. இது வடமொழிக் காந்த புராணத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுவது. உமாதேவியார் வினவ, சிவபெருமான் விடையளிப்பதாக அமைந்தது. இவற்றுள் யாவரும் அறிந்த சுலோகம் குருவைப் பிரமன், விட்டுணு, மகேசுவரன் ஆகிய மூவராகவும், முடிவிலே பரம்பொருளாகவும் கண்டு வணங்குகின்றது. மனிதர் ஒருவரைக் கடவுளென்று புகழ்வது மிகையல்லவா எனச் சிலர் ஐயுறுவர். அங்கே சொல்லப்படுவது தொழில். நல்லறிவை உள்ளத்திலே தோற்றுவிப்பதால் அவர் படைப்பவர். அது வாடிப்போகாமல் பேணுவதால் காப்பவர். அறியாமையை ஒழிப்பதால் அழிப்பவர். மும்மலமுடைய உயிர்களுக்கு இறைவனே மானிட வடிவிலே குருவாக எழுந்தருளி அருள்கின்றான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. திருப்பெருந்துறையிலே குருந்தமரத்தடியில் மாணிக்கவாசக சுவாமிகள் பெற்ற பேறு இதற்குச் சான்றாகும்.

இன்னொரு சுலோகம் குருவைக் கண் வைத்தியராகக் காட்டுகின்றது. அதிலே வரும் “திமிரம்” என்ற சொல்லுக்கு இருள் என்றும் ஒருவகைக் கண்ணோய் என்றும் இரு பொருள் உண்டு. “அஞ்சனம்” என்பது கண்ணுக்கு இடும் மை. “சலாகை” என்பது அதனைத் தீட்டும் கோல். ஞானமாகிய மையைத் தீட்டி, மூடியிருந்த கண்ணைத் திறந்தவருக்கு வணக்கம் என்பதே கருத்து. கண்புரை படர்ந்த முதியவர் முற்றத்திலே நிற்கிறார். சூரியன் எரிக்கின்றது, அவருக்கோ எல்லாம் மங்கலாகத் தெரிகின்றது. குறை சூரியனிடத்தில் இல்லை. வைத்தியர் புதிதாகச் சூரியனை உண்டாக்குவதும் இல்லை, படலத்தை நீக்குகிறார். அவ்வாறே இறைவன் எங்கும் நிறைந்திருக்கிறான். ஆணவ மறைப்பை விலக்க வழிகாட்டுபவர் குரு.

மற்றொரு சுலோகம் அசைவன, அசையாதன எல்லாவற்றிலும் நிறைந்த பரம்பொருளின் நிலையைக் காட்டியவருக்கு வணக்கம் சொல்கின்றது. “காட்டியவர்” என்பது இங்கே கவனிக்கத்தக்கது. உண்மைக் குரு இறைவனைக் காட்டுவார். தம்மை மாத்திரம் காட்டிக்கொண்டிருக்க மாட்டார். இச்சுலோகங்களில் எந்த ஒரு மனிதருடைய பெயரும் இல்லை. “தஸ்மை”, அதாவது “அத்தகையவருக்கு” என்றே வணக்கம் செலுத்தப்படுகின்றது. கண்ணைத் திறந்தவர் எவரோ அவருக்கே அவ்வணக்கம் உரியது. பணத்தையும் புகழையும் நாடி, அச்சமூட்டி அடியார்களைத் தம் பின்னால் இழுப்பவரை இந்த ஒரு சொல்லே விலக்கி நிறுத்திவிடுகின்றது.

அதேவேளை, வெளித்தோற்றத்தை நம்பி உண்மைக் குருவைத் தவறவிடுவதும் உண்டு. நல்லூர்த் தேரடியிலே இருந்த செல்லப்பா சுவாமிகளைப் பித்தர் என்று எண்ணி விலகிச் சென்றோர் பலர். அவரிடத்திலே குருவைக் கண்டவர் யோகர் சுவாமிகள். 1964 ஆம் ஆண்டிலே சமாதியடைந்த யோகர் சுவாமிகளை ஈழத்துச் சைவ உலகம் இன்றும் போற்றுகின்றது.

“நமஹ” என்ற சொல் வளைதல், பணிதல் எனப் பொருள்படும். “என்னுடையது அன்று” என்றும் அதற்குப் பெரியோர் விளக்கம் கூறுவர். தலை வளைந்தும் “நான்” வளையாவிட்டால் அது வணக்கமாகாது. மெய்கண்டார் வரலாறு இதனை நன்கு உணர்த்தும். சகலாகம பண்டிதரான அருணந்தி சிவாசாரியார், இளம் பிள்ளையாகிய மெய்கண்டார் பாடஞ் சொல்லுமிடத்துக்கு வந்து, நின்றபடியே ஆணவ மலத்தின் இயல்பு யாதெனக் கேட்டார். மெய்கண்டார் மறுமொழி சொல்லாது அவரை உற்று நோக்கினார். நின்ற நிலையே ஆணவம் என்பதை உணர்ந்த பண்டிதர் அக்கணமே பிள்ளையின் பாதத்தில் வீழ்ந்தார். பின்னர் அவரே சிவஞான சித்தியாரை அருளினார். வயது, கல்வி, குலப்பெருமை யாவற்றையும் இறக்கிவைத்த பின்னரே அவருக்கு அந்த ஞானம் கிட்டியது.

தைத்திரீய உபநிடதத்திலே குருவும் சீடனும் ஒருங்கே ஓதும் சாந்தி மந்திரம் ஒன்றுண்டு. இருவருக்கும் காப்பும் வளர்ச்சியும், கற்ற கல்விக்கு ஒளியும் வேண்டிய பின், தமக்குள்ளே பகை உண்டாகாதிருக்கவும் அது வேண்டுகின்றது. ஞானம் பேசும் இடத்திலும் பிணக்கு நுழையும் என்பதை முனிவர்கள் அறிந்திருந்தனர். ஆலய வீதியிலே ஒன்றாக நின்று “சாந்தி” என்று மும்முறை சொல்லிவிட்டு, திருவிழா உபயத்துக்காகவும் முதல் மரியாதைக்காகவும் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருப்போர் இப்பொருளைச் சிந்திக்க வேண்டும்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சுலோகத்தைக் கற்பிப்போர் பொருளையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக. ஏடு தொடக்கியவரையும் எழுத்தறிவித்த ஆசிரியரையும் காணுமிடத்திலே எழுந்து நின்று வணங்கப் பழக்குவார்களாக. பெரியோர் தாமும் அவ்வாறு நடந்து காட்டுவார்களாக. கல்லால நிழலிலே சனகாதி முனிவர் நால்வருக்கும் மௌனத்தாலே உபதேசித்த தட்சிணாமூர்த்தியின் திருவருள் இக்கிராமத்து மக்கள் யாவருக்கும் கிடைப்பதாக.

சுபம்.