குளிர வைத்த விளக்கு

எங்கள் வீட்டில் யாரும் விளக்கை அணைத்ததில்லை. வேதாரண்யத்தில் ஓட்டு வீடு. பொழுது சாய்ந்ததும் மாடத்தில் அகல். சாப்பிட்டுப் பாய் விரிக்கும் நேரத்தில் அப்பாயி அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியால் திரியை மெல்லப் பின்னுக்கு இழுத்து எண்ணெயில் முக்குவாள். சின்னதாக ஒரு சீறல், ஓர் இழை புகை. ஒருநாள் நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று, “விளக்க அணைச்சிடவா அப்பாயி?” என்று கேட்டுவிட்டேன். வாய்மேலேயே ஒன்று போட்டாள். “அந்தச் சொல்லு இந்த வூட்ல வரக்கூடாது. குளிர வைக்கட்டுமான்னு கேளு.” எண்ணெய் தீர்ந்து தானாக நின்றால், விளக்கு மலையேறிவிட்டது என்பாள். வாயால் ஊதுவது பற்றிப் பேச்சே கிடையாது.

அந்தப் பையன்தான் எலெக்ட்ரிகல் படித்து, இருபத்தாறு வருஷமாக ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறான். போன வருஷம் மூன்றாமாண்டு மாணவர்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, வளாகத்தில் எங்கெங்கே விளக்கை அணைக்கலாம், எதை மாற்றலாம் என்று கணக்கெடுக்கக் கிளம்பினேன். நோக்கம் ஒன்றும் புனிதமானதல்ல. கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிறது, எரிசக்தித் தணிக்கை அறிக்கை ஒன்று கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் விளையாட்டாகத்தான் வந்தார்கள். பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி வகுப்பறை ஒன்றில்தான் அது மாறியது. சுவரில் பெட்டி மாதிரியான பழைய ஃபேன் ரெகுலேட்டர்கள். ஃபேனை இரண்டில் வைத்துவிட்டு, அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள் என்றேன். வைத்த பையன் சட்டென்று எடுத்துக்கொண்டான். உள்ளே இருப்பது மின்தடை. காற்றைக் குறைக்கச் சொன்னால் அது ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தானே தின்று சூடாக்கிவிடும். வேர்க்கிறது என்று போட்ட ஃபேன், அதே அறையின் சுவரில் ஓர் அடுப்பையும் மூட்டி வைத்திருக்கிறது. பன்னிரண்டு பேரும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நான் ஏவ வேண்டியிருக்கவில்லை. 40 வாட் குழல்விளக்குக்குப் பின்னால் செம்புச் சோக் தனியாகப் பத்துப் பன்னிரண்டு வாட் இழுப்பதையும், 75 வாட் ஃபேன் செய்யும் வேலையை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் செய்துவிடும் என்பதையும் அவர்களே பேசிக்கொண்டு போனார்கள். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம்.

இரவில் ஒரு சுற்று போனோம். மூன்றாவது பிளாக்கில் பூட்டிய ஆய்வகம். உள்ளே எட்டுக் குழல்விளக்குகளும் எரிகின்றன. கம்பியிட்ட ஜன்னல் வழியாக வெளிச்சம் வராந்தாவில் சட்டம் சட்டமாக விழுந்து கிடக்கிறது. சாவி வரக் காத்திருந்தபோது ஒருவன் கேட்டான்: “சார், கோயில்ல விளக்கு ஏத்தினா புண்ணியம்ங்கறாங்க. நாம அணைச்சுக்கிட்டே போறோம். இது எந்தக் கணக்குல வரும்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை.

கேள்வி லேசானதல்ல. விளக்கெரிப்பதற்காக உயிரையும் பொருட்படுத்தாத நாயன்மார்களைப் பாடுகிற சைவம் நம்முடையது. எண்ணெய் கிடைக்காமல் கமலாலயக் குளத்துத் தண்ணீரை மொண்டு விளக்கெரித்தார் நமிநந்தியடிகள். அரிந்த புல் விலைபோகாமல், அதையே எரித்தும் போதாமல் தன் தலைமுடியை எரித்தார் கணம்புல்லர். திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய்க்குப் பதில் தன் ரத்தத்தை ஊற்றக் கழுத்தை அரியத் துணிந்தார். இவர்களில் ஒருவரிடம் போய், ஐயா, இந்நேரம் சந்நிதியில் யாரும் இல்லை, விளக்கு வீண் என்று தணிக்கை அறிக்கை நீட்ட முடியுமா?

ஆள் இல்லாத இடத்தில் எரிவது வீண் என்பதுதான் எங்கள் கணக்கின் அடிப்படை. அந்த அடிப்படை இங்கே உடைகிறது. நந்தா விளக்கு நடை சாத்திய பிறகும் எரியும். பார்க்க ஒருவரும் வேண்டாம். அதை வீண் என்று அப்பாயி சொல்ல மாட்டாள். நானும் சொல்ல மாட்டேன். அப்படியானால் பூட்டிய கருவறைக்கும் பூட்டிய ஆய்வகத்துக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு விடை கிடைத்தது தஞ்சைப் பெரிய கோயில் சுவரில். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கு. நாளுக்கு ஓர் உழக்கு நெய். கொடுத்தவர் யார், ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர் யார், எல்லாம் கல்லில் இருக்கிறது. கிழடானது கழிந்தாலும் குட்டி வந்து எண்ணிக்கை குறையாது என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். சந்திர சூரியர் உள்ளவரை நடக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு விளக்கு எரிய என்ன ஆகும் என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன் சுவரில் வெட்டி வைத்துவிட்டார்கள். எங்கள் தணிக்கை அறிக்கை அதில் கால்தூசி.

அந்த விளக்கு ஒருவர் கொடுத்தது. எதை விட்டுக் கொடுத்தோம் என்று தெரிந்து கொடுத்தது. ஆய்வகத்து எட்டு விளக்கையும் யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை, மறந்துபோனது எரிகிறது. இல்லை, இதையும் திருத்த வேண்டும். கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மின்சாரத்தில் ஒரு பங்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. அந்தச் சுரங்கங்களுக்காக ஊரையும் வயலையும் விட்டுப் போனவர்கள் அந்த விளக்குக்கு ஆடு கொடுத்தவர்கள்தான். கல்வெட்டில் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவுதான். அவர்கள் கொடுத்ததை யாரும் இல்லாத அறையில் எரியவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறோம்.

இதை வகுப்பில் சொன்னேன். நாகூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “எங்க வாப்பா சொல்வாங்க சார், ஓடுற ஆத்தங்கரையில தொழுகைக்கு ஒளு செஞ்சாலும் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு.” ஆற்றுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, செலவும் இல்லை, ஆடு கொடுத்தவரும் இல்லை. ஆனாலும் வீண் வீண்தான். என் கணக்கைவிட அது ஒரு படி மேலே என்று தோன்றியது. பதில் சொல்லாமல் பாடத்துக்குப் போய்விட்டேன்.

விளக்கைப் பற்றிக் கேட்டவன் விடவில்லை. கழிப்பறைகளிலும் நூலகத்திலும் ஆளில்லாவிட்டால் தானாக அணையும் சென்சார் போடலாம் என்று எழுதியிருந்தோம். அந்தப் புண்ணியம் யாருக்கு என்றான். எங்கள் ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? வேதாரண்யத்து எலி நெய் தின்ன வந்தது. மூக்குச் சுட்டுத் திரியைத் தட்டிவிட்டது. மங்கின விளக்கு சுடர்விட்டது. அந்த எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தி. தேவாரத்திலேயே இருக்கிற கதை. தெரியாமல் செய்கிற இந்த வகைக்குச் சைவ சித்தாந்தம் அபுத்திபூர்வ புண்ணியம் என்று பெயரே வைத்திருக்கிறது. “அப்ப சென்சார்தான் சார் எலி” என்றான். இல்லை தம்பி, எலிக்கு உயிர் இருந்தது, மூக்கு சுட்டது. சென்சார் சடம். திரிக்கு யாராவது புண்ணியம் கொடுத்தார்களா?

சோதனைக்கு நூலகத்தில் ஒன்று மாட்டினோம். உடம்புச் சூட்டின் அசைவைத்தான் அது பார்க்கும். ஆடாமல் அசையாமல் படிப்பவரை அது ஆளாகவே மதிக்கவில்லை. தேர்வுக்கு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலைக்கு மேலே கையை வீசி, நான் இருக்கிறேன் என்று அதற்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அந்த மூலைக்குப் பழைய சுவிட்சே போதும் என்று எழுதினோம். குச்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாயிக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது.

ரெகுலேட்டர்களை மாற்றினார்கள். ஃபேன்கள் பாதி. மிச்சமாகும் பணத்தைக் காட்டியே கருத்தரங்கக் கூடத்துக்கு இரண்டு ஏ.சி. வாங்கினார்கள் என்று பிறகு தெரிந்தது. சிக்கனமாக எரிக்கக் கற்றால் நிலக்கரி கூடத்தான் செலவாகும் என்று ஜெவன்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் 1865-லேயே எழுதி வைத்திருக்கிறார். இதை நான் கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை.

அறிக்கையின் கடைசி அட்டவணையை நாகூர்ப் பெண் தயாரித்தாள். இடம், இப்போது உள்ளது, மாற்ற வேண்டியது, செலவு, ஆண்டு மிச்சம், போட்ட பணம் திரும்பும் காலம். கையெழுத்துக்கு வந்தபோது கடைசியில் ஒரு வரிசை புதிதாக இருந்தது. இடம்: பணிமனைக்குப் பின்னால் பெண்கள் விடுதிக்குப் போகும் பாதை. இப்போது உள்ளது: ஒன்றுமில்லை. வேண்டியது: 20 வாட் எல்.இ.டி. தெருவிளக்கு ஒன்று, மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை.

பேனாவைத் திறந்துகொண்டே மனக்கணக்குப் போட்டேன். ஒரு ராத்திரிக்குக் கால் யூனிட்டுக்கும் குறைவு.

“மிச்சம்ங்கற கட்டத்துல என்னம்மா போட்டிருக்க?”

“கோடு போட்டுட்டேன் சார்.”

“பணம் திரும்பும் காலம்?”

“அதுலயும் கோடுதான் சார்.”

கையெழுத்துப் போட்டேன்.