காண்பதும் ஓர் அமானிதம்

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்து மறைந்த சமுதாயங்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மைப் பணிக்கிறது. ஆகவே ஊர் காண்பதை வீண் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. எனினும், எங்கே செல்லலாம், எங்கே செல்லலாகாது என்று வாதிடும் அளவுக்கு, சென்ற இடத்தில் எப்படிக் காண வேண்டும் என்பது பற்றி நாம் சிந்திப்பதில்லை. அந்தச் சிந்தனையை நம்முள் தூண்டியது ஒரு சிறிய நிகழ்ச்சி.

ஆவடியை அடுத்த சேக்காட்டில் உறவினர் ஒருவரின் இல்லத்தில் அண்மையில் கூடியிருந்தோம். அவ்வீட்டுப் பிள்ளை இத்தாலியில் மேற்படிப்பை முடித்துத் திரும்பியிருந்தார். உணவு முடிந்ததும் கைப்பேசியில் படங்களைக் காட்டத் தொடங்கினார். ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், சிசிலித் தீவின் பலெர்மோ என நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அனைவரும் வியந்து பார்த்துக்கொண்டிருக்க, பாட்டனாரின் முகம் மட்டும் வாடிற்று.

“சர்ச்சுக்குள்ளேயா போனே, தம்பி?” என்று கேட்டார்.

“பார்க்கத்தானே போனேன், தாத்தா! கும்பிடவா போனேன்?” என்றார் பேரர். பின்னர் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, “இந்தக் கூரையைப் பாருங்கள். இதில் இருப்பது அரபு எழுத்து. இதெல்லாம் உண்மையில் நம்முடையது” என்றார்.

பாட்டனார் பதில் கூறவில்லை. இருவரும் நம்மை நோக்கினர். அன்று நம்மால் தெளிவான விடை கூற முடியவில்லை. இக்கட்டுரை அன்று சொல்லத் தவறிய விடையாகும்.

பாட்டனாரின் கலக்கம் அடிப்படையற்றதன்று. உருவங்கள் இருப்பதன் காரணமாகத் தேவாலயங்களில் நுழைவதை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தவிர்த்தார்கள் என்றும், உருவங்கள் இல்லாத தேவாலயத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தொழுதார்கள் என்றும் அறிவிப்புகள் உள்ளன. இமாம்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. சட்டத் தீர்ப்பை அறிய விரும்புவோர் தம் ஊர் ஆலிம்களை அணுகுவதே முறை. நாம் இங்கே எழுப்பும் வினா வேறு. அனுமதி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வாசலைக் கடக்கும் காலுக்கு அனுமதி கிடைத்துவிட்டால், உள்ளே அலையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஒழுக்கம் வேண்டாமா?

இளைஞர் காட்டிய கூரை, பலெர்மோ அரண்மனையில் உள்ள சிற்றாலயத்தினுடையது. நார்மன் மன்னன் இரண்டாம் ரோஜர் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை எழுப்பினான். சுவர்களில் கிரேக்க மரபுப் பொன் ஓவியங்கள். அவற்றுக்கு மேலே தேன்கூடு போன்று அடுக்கடுக்காக இறங்கும் மரக்கூரையில், இஸ்லாமியக் கலை மரபில் தீட்டிய உருவங்களும் கூஃபி எழுத்தில் வாழ்த்துச் சொற்களும். இதே மன்னனின் அவையில் இருந்துதான் அல் இத்ரீசி 1154இல் தமது புகழ்பெற்ற நிலவியல் நூலை நிறைவு செய்தார். இவற்றை அறியும்போது நம் உள்ளம் பூரிப்பது இயல்பே. ஆனால், “எம்மவரின் கைத்திறன்” என்று மகிழ்வது வேறு. “இது எம்முடையது” என்று உரிமை பேசுவது வேறு. முன்னது நன்றியுணர்வு. பின்னது, நாம் அறியாமலே நெஞ்சில் நுழையும் பேராசை.

இந்தச் சோதனை நம் வீட்டு இளைஞருக்கு மட்டும் வந்ததன்று. ஸ்பெயின் நாட்டிலிருந்து ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய இப்னு ஜுபைர், 1184ஆம் ஆண்டின் இறுதியில் சிசிலியின் மெஸ்ஸினா அருகே கப்பல் உடைந்து தவித்தார். கட்டணம் கொடுக்க இயலாத ஏழை முஸ்லிம் பயணிகளைத் தன் பொருளைக் கொடுத்துக் கரைசேர்த்தவன் கிறிஸ்தவ மன்னனான இரண்டாம் வில்லியம். இதனை நன்றியோடு பதிந்த அதே பயணி, பலெர்மோவில் ஒரு தேவாலயத்தின் பொற்சுவர்களையும் பளிங்குக் கற்களையும் கண்டு மெய்மறந்தார். அவ்வழகை வருணித்த கையோடு, இவ்விடம் பாங்கோசையால் விரைவில் சிறப்புப் பெற வேண்டும் என்றும் இறைஞ்சினார். இழந்த நாட்டின் ஏக்கம் அவரை அப்படி எழுதச் செய்தது. நாம் அவரைக் குறைகூற முற்படவில்லை. எனினும், பிறருடைய இல்லத்தின் அழகைக் கண்ட மறுகணமே, அது நமதாகாதா என்று மனித மனம் தாவுவதற்கு அவரது எழுத்து நேர்மையான சான்றாக நிற்கிறது.

இனி, அதே நகரின் பேராலயத்தைப் பாருங்கள். அதன் தென்வாசல் மண்டபத்துத் தூண் ஒன்றில் திருக்குர்ஆன் வசனம் பொறித்திருப்பதை இன்றும் காணலாம். அங்கே முன்பு பள்ளிவாசல் இருந்தது. 1072இல் நார்மன்கள் நகரைப் பிடித்தபின் அது தேவாலயமாயிற்று. இதைக் கேட்டு நம் கண் கலங்குகிறது. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. 831இல் முஸ்லிம்கள் அந்நகரைக் கைப்பற்றுவதற்கு முன் அங்கே ஒரு தேவாலயம் இருந்தது. அதுதான் பள்ளிவாசலாக மாறிற்று. முதற்பகுதியை மட்டும் நினைவில் வைப்பவர் தமக்கேற்ற கண்ணீரைத் தேர்ந்து வடிக்கிறார். நீதியின் தராசு ஒன்றே அல்லவா?

இத்தாலியின் தென்பகுதியில் லூசேரா என்னும் ஊரில் வாழ்ந்த முஸ்லிம் சமுதாயம் 1300ஆம் ஆண்டில் சிதறடிக்கப்பட்டது. பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டபோது நாம் அடைந்த வேதனை இன்னும் ஆறவில்லை. வழிபாட்டிடத்தை இழப்பதன் வலியை அறிந்த சமுதாயம் நாம். 537இல் தேவாலயமாக எழுந்து, 1453இல் பள்ளிவாசலாகி, 1930களில் அருங்காட்சியகமாகி, 2020இல் மீண்டும் பள்ளிவாசலான இஸ்தான்புல்லின் ஆயா சோபியாவைப் பற்றிப் பேசும்போது, அங்கே மனம் நொந்தவர்களின் வலியையும் நாம் எண்ணிப் பார்த்தோமா? நம் வலி பிறர் வலியை அறியக் கற்றுத்தரவில்லை எனில், அதனால் நாம் பெற்ற பாடம்தான் என்ன?

இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டும் முன்மாதிரி ஒன்று உண்டு. ஜெரூசலம் நகரம் முஸ்லிம்களின் வசமானபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் கிறிஸ்தவத் தலைவர் சொப்ரோனியஸுடன் அங்குள்ள புனிதக் கல்லறைத் தேவாலயத்தைப் பார்வையிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. தொழுகை நேரம் வந்தது. உள்ளேயே தொழலாம் என்று இசைவு தெரிவித்தார் தலைவர். கலீபா அவர்களோ வெளியே வந்து தொழுதார்கள். தாம் அங்கே தொழுதால், பிற்காலத்தில் அதனையே காரணம் காட்டி முஸ்லிம்கள் அவ்விடத்தை எடுத்துக்கொள்வார்களோ என்று அஞ்சினார்கள். வென்றவர் அவர், தடுப்பார் எவருமில்லை. அழைப்பும் இருந்தது. ஆயினும், தம் கண்ணுக்கெட்டாத ஒரு நாளில் ஒருவருக்கு இழைக்கப்படக்கூடிய அநீதியை எண்ணித் தம் காலைப் பின்னெடுத்தார்கள். பிறர் இல்லத்தைக் காணும் பண்பின் உச்சம் இதுவே என்போம். கண்டதை உரியவரிடமே விட்டுவிட்டு வருவதே அப்பண்பு.

பைசா நகரில் ஒரு வெண்கல உருவம் உள்ளது. கழுகின் தலையும் சிறகும், விலங்கின் உடலும் கொண்ட அதனை வார்த்தவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள். அந்நகரத்துப் பேராலயத்தின் கூரை மேல் பல நூற்றாண்டுகள் நின்று, 1828இல் கீழே இறக்கப்பட்டு, பின் அருங்காட்சியகம் சேர்ந்தது. அதன் உடலைச் சுற்றிப் பொறித்துள்ள அரபு எழுத்துகள், அதன் உரிமையாளருக்கு நல்வாழ்வும் அருளும் வேண்டுகின்றன. எத்தனையோ கை மாறிய அப்பொருள், யாரிடம் இருந்ததோ அவருக்கெல்லாம் வாழ்த்துக் கூறியவாறே இருந்திருக்கிறது! படைத்தவன் விட்டுச்சென்ற வாழ்த்தை, பார்க்க வந்த நாம் வழக்காக மாற்றலாமா?

பேராசை ஒரு பக்கம் எனில், மறுபக்கம் அலட்சியம். இதற்குச் சான்று தேடி நாம் இத்தாலிக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் பிழையையே கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சேக்காட்டிலிருந்து பரங்கிமலைக்குச் சென்றோம். ஆர்மீனிய வணிகர் பெட்ரூஸ் உஸ்கான் அமைத்துக் கொடுத்த படிகளில் ஏறி, 1523இல் போர்த்துகீசியர் கட்டிய ஆலயத்தை அடைந்தோம். பழைய பாரசீக மொழியான பகலவியில் எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று அங்கே உண்டு. அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு உரத்த குரலில் விளக்கத் தொடங்கினோம். நமக்கு மூன்றடி தொலைவில் ஒரு மூதாட்டி மண்டியிட்டுக் கண்ணீர் மல்க வேண்டிக்கொண்டிருந்தார். நம் குரல் கேட்டு அவர் கண் திறந்தார். சினம் கொள்ளவில்லை. பிள்ளைகள் நன்றாகப் பார்க்கட்டும் என்று எண்ணினார் போலும். எழுந்து, நமக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். நமக்கு அது காட்சிப் பொருள். அவருக்கு அது கடைசிப் புகலிடம். அன்று அவர் கலைத்துக்கொண்ட வேண்டுதலுக்கு நாம் பொறுப்பாளி இல்லையா? அவருடைய நம்பிக்கையை நாம் ஏற்கவில்லை என்பது உண்மையே. ஆனால், ஏற்காமைக்கும் மதியாமைக்கும் இடையே உள்ள தொலைவை அந்த மூதாட்டி நமக்குக் காட்டினார்.

நம் பள்ளிவாசல்களையும் பிறர் காண வருகின்றனர். கீழக்கரையின் பழம் பள்ளிவாசலில் தமிழகக் கற்றூண்களைக் கண்டு வியக்கின்றனர். நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய உயர்ந்த மினாராவை அண்ணாந்து நோக்குகின்றனர். “எம் மன்னன் கட்டியது, ஆகவே எம்முடையது” என்று அவர்களுள் ஒருவர் கூறினால் நம் மனம் என்ன பாடுபடும்? நாம் தொழுதுகொண்டிருக்கையில் ஒருவர் உரக்கப் பேசினால் எவ்வளவு துன்புறுவோம்? நமக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்புவது ஈமானின் அடையாளம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம், அதனைத் தேவாலய வாசலிலும் நினைவுகூர வேண்டாமா?

ஆகவே அப்பெரியவருக்கும் அவருடைய பேரருக்கும் நாம் கூறும் விடை இதுதான்: ஐயா, உங்கள் பேரர் கண்டு வந்ததால் அவரது நம்பிக்கை குறைந்துவிட்டதோ என்று கலங்க வேண்டாம். தம்பி, கண்டதையெல்லாம் நமதென்று கூற வேண்டாம். ஒருவர் தம் வாசலைத் திறந்து நம்மை உள்ளே விடும்போது, தமக்கு மிக அருமையான ஒன்றைச் சிறிது நேரம் நம் கண்களிடம் ஒப்படைக்கிறார். அது அமானிதம். குறைவுபடாமல் திருப்பிக் கொடுப்பதே அதற்குரிய கடன்.

அத்தகைய பார்வையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!