ஒரு மணி நேரப் பயணமும் பயணமே

புதுவை லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் 2024 டிசம்பரில் மீண்டும் விமானங்கள் பறக்கத் தொடங்கின. பெங்களூருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பஸ்ஸில் ஆறேழு மணி நேரம் பிடிக்கும். விமானத்திலோ ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதனால் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. வெயில் படாமல், களைப்புத் தெரியாமல் போய் இறங்கியவர் லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழலாமா? மனசாட்சி உறுத்தாதா?

இறையச்சமுள்ள உள்ளத்தில் எழும் கேள்விதான் இது. ஸஹாபாக்கள் காலத்திலேயே இதையொத்த கேள்வி எழுந்திருக்கிறது. கஸ்ருடைய அனுமதியைத் திருமறை (4:101) பகைவரைப் பற்றிய அச்சத்தோடு சேர்த்தே கூறுகிறது. அச்சம் நீங்கிய பின்னும் சுருக்குவதேன் என்று யஃலா இப்னு உமையா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் வினவினார்கள். தமக்கும் அதே வியப்பு உண்டானதாகவும், நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அது அல்லாஹ் வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அருளியதாகவும் உமர் (ரலி) விடை பகர்ந்தார்கள். முஸ்லிம் ஷரீபில் இது பதிவாகியுள்ளது.

எனவே இமாம்கள் கஸ்ரைக் கஷ்டத்தோடு பிணைக்கவில்லை, பயணத்தோடு பிணைத்தார்கள். கஷ்டம் ஆளுக்கு ஆள் வேறுபடும். தூரம் எல்லோருக்கும் ஒன்றே. உச்சி வெயிலில் மூட்டை சுமக்கும் தொழிலாளி உள்ளூரில் நான்கு ரக்அத்தே தொழுகிறார். பல்லக்கில் போகும் அரசரோ முஸாபிராகி இரண்டு தொழுகிறார். தூரத்தின் அளவில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருப்பினும், பெங்களூர் எல்லா அளவுகளையும் தாண்டியதே. ஆனால் நோன்பில், சிரமமில்லாத முஸாபிர் நோற்பதே சிறப்பென்று ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்கள் கூறுகின்றனர்.

தொழுகைக் கணக்கு இத்துடன் தீர்ந்தது. தீராத கணக்கு வேறொன்று உண்டு.

நம் முன்னோர் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலேறிச் சைகோனுக்குப் போனார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் அங்கு எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. தாயின் மௌத்துச் செய்தி கடல் கடந்து வந்து சேரும்முன் கபுரின் மண் காய்ந்துவிடும். அவர்களை யார் குறை கூற முடியும்?

இன்று சென்னையிலிருந்து பாரிஸ் சுமார் 8,000 கிலோமீட்டர். ஒரு நாளுக்குள் வந்துவிடலாம். ஆயினும் அங்கிருக்கும் மகன், "தூரம் அதிகம், உம்மா" என்கிறார். பெங்களூரில் இருப்பவரும் அதையே சொல்கிறார்! டிக்கெட்டுக்குப் பணமும் வேலையில் விடுப்பும் கிடைக்காதவர்களை நாம் சொல்லவில்லை. இரண்டும் இருந்தும் வராதவர்களையே சொல்கிறோம்.

அல்லாஹ் தந்த சலுகையை ஏற்க மணிக்கணக்குப் பார்த்து, "இது என்ன தூரம்?" என்று தயங்குகிறோம். பெற்றவளைப் பார்க்கக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து, "எவ்வளவு தூரம்!" என்று ஒதுங்குகிறோம். கணக்குத் தலைகீழாகிவிட்டதே!

பயணம் வேதனையில் ஒரு பங்கு. காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஒட்டகத்தில் போனவர்களுக்கே அவ்வாறு கூறினார்களென்றால், விமானத்தில் போகும் நமக்குத் தாமதிக்க என்ன சாக்கு இருக்கிறது?

கஸ்ரைத் தயங்காமல் தொழுவோம். உறவைச் சுருக்காமல் பேணுவோம். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.