மாற்றம் என்னும் சொல்

‘மாற்றம்’ என்றால் இன்று நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றுதான்: இருந்தது வேறாவது. பழந்தமிழில் அதற்குச் சொல் என்றும் மறுமொழி என்றும் பொருள் உண்டு. சபைக்கு அஞ்சாமல் விடையளிப்பதற்காகக் கற்கச் சொல்லும் 725-ஆம் குறளில் ‘மாற்றம்’ மறுமொழியைக் குறிக்கிறது. தூதனைப் பற்றிய 689-ஆம் குறளிலோ அது பேச்சு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் இந்தப் பொருள்களை எல்லாம் காணலாம். பண்டமாற்று, கைம்மாறு என்ற சொற்களை நினைத்துப் பார்த்தால் உறவு விளங்கும். ஒன்றைப் பெற்றவன் ஒன்றைத் திருப்பித் தருகிறான். மறுமொழியும் அப்படித் திருப்பித் தருவதுதானே?

‘மனம் மாறினான்’ என்றால் பெரும்பாலும் பாராட்டு; ‘பேச்சு மாறினான்’ என்றால் வசை. இரண்டிலும் நடந்தது மாறுதல்தான். பின் எங்கே வித்தியாசம்?

விழுப்புரம் பக்கத்துக் கெடாரில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் உண்டு. மகள் சிறுமியாக இருந்தபோதே அக்காள் மகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பிளஸ் டூ முடித்த பெண், நர்சிங் படிக்க வேண்டும், இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். பல நாள் தூக்கமின்றிக் கிடந்தவர், கடைசியில் மகள் பக்கம் வந்தார்.

“பேசாம இருந்துடு, அவங்களே புரிஞ்சுப்பாங்க” என்றார்கள் உறவினர்கள். அவர் கேட்கவில்லை, தாமே அக்காள் வீட்டுக்குப் போனார்.

“வார்த்தை குடுத்தவன் நான், அக்கா. அன்னிக்கு அவளக் கேக்கல. இன்னிக்கு அவ வேணாங்கறா. திட்டறதுன்னா என்னத் திட்டு” என்றாராம்.

அக்காள் திட்டினாள். ஓராண்டுக் காலம் இரு வீட்டுக்கும் பேச்சில்லை. வாக்கு மாறியவர் என்று அவரை இன்னமும் சொல்பவர்கள் உண்டு.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மகளின் வாழ்க்கை அவர் கொடுத்துவிடக்கூடிய பொருளன்று. தம்முடையதல்லாததைக் கொடுப்பதாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதில் சத்தியம் எதுவும் இல்லை. அதே சமயம் அக்காளின் கோபமும் நியாயமானதே. அவள் அந்த வார்த்தையை நம்பினாள். அவள் பிள்ளை காத்திருந்தான். அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தர முடியாது. தரக்கூடியது ஒரு மறுமொழி மட்டுமே.

நம்பியவர் முகத்தைப் பார்த்து அந்த மறுமொழியைச் சொல்லிவிட்டு மாறுகிறவன் வேறு. மாறிவிட்டு ஒளிந்துகொள்கிறவன் வேறு. பின்னவனைத்தான் வாக்கு மாறியவன் என்பேன். ‘மாற்றம்’ என்ற சொல்லுக்கு மறுமொழி என்ற பொருள் வழக்கில் மறைந்துவிட்டது. மாறுகிறவனுக்கு அந்தக் கடமை மட்டும் இன்னும் இருக்கிறது.